காத்தாடி நின்ற பாட்டு

வேலப்பனைப் பயந்தாங்கொள்ளி என்று தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கந்தன் வீட்டுச் சாமான்கள் ரோட்டுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவனுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?

கந்தன் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு பார்த்த ஆள். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் ஒருநாள் குரலை உயர்த்திப் பேசிவிட்டான். வேலை போயிற்று. வேலை போனால் வீடும் போகும், அதுதான் தோட்டத்துச் சட்டம். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆளாவது 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். கந்தனின் அம்மிக்கல், கட்டில், பாயில் சுருட்டிய துணி எல்லாம் மழையில் லோரிக்காகக் காத்துக் கிடந்தன. சாமி படத்துக் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வேலப்பனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அந்தப் படத்தை அவன் மறக்கவே இல்லை.

அப்பா நெஞ்சுவலியில் போன பிறகு வீட்டில் அம்மா வேலாயியும் அவனும்தான். வேலாயி கொழுந்து பறிக்கிறவள். முட்டி தேய்ந்து, சரிவில் ஏறும்போது செடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற நிலைக்கு வந்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் அவள் பேரைப் பெரட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு அந்த வீடு நிற்பது வேலப்பன் பேரில்தான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவனுக்கு இதே யோசனை.

அவனுக்குத் தொழிற்சாலை மேல்மாடியில் வேலை. பறித்து வரும் பச்சைக் கொழுந்தை அங்கே நீளத் தொட்டிகளில் கம்பி வலைமேல் கொட்டிப் பரப்புவார்கள். ஒவ்வொரு தொட்டியின் முனையிலும் ஆள் உயரத்துக்கு ஒரு காத்தாடி. அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். கொழுந்து பதமாக வாடினால்தான் மறுநாள் கீழே உருட்டுகிற மிஷினுக்குப் போகும். காற்று நின்றுவிட்டால் கொழுந்து தன் சூட்டிலேயே வெந்து சிவந்துவிடும். அப்புறம் அது குப்பை. எல்லாக் காத்தாடிக்கும் ஒரே சுவிட்ச். நிறுத்தினால் மற்றவை பேசாமல் நிற்கும். மூன்றாவது மட்டும் தேய்ந்த இரும்பு உரசி, காய்ச்சல்காரன் முனகுவதுபோல ஒரு நீள முனகல் முனகித்தான் நிற்கும்.

மாடிக்கு அதிகாரி, தொழிற்சாலைக் கணக்கும் பெரட்டும் பார்க்கிற கிராணி ஞானசுந்தரம். அதட்டல் பேர்வழி. அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் ரோட்டு வளைவில் கேட்டாலே வேலப்பனுக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தினமும் சாயங்காலம் ஒரு தடவை மாடியேறிப் பார்ப்பது கிராணியின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறமாட்டார். தானா ராத்தா டவுனுக்கு ஜெபத்துக்குப் போனால் இருட்டின பிறகுதான் திரும்புவார். இது துரைக்குத் தெரியாது. லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அல்போன்ஸுக்கும் தெரியும்.

அல்போன்ஸ் திரிங்காப் தோட்டங்களிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். எழுபத்து நாலில், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சாமான் ஏற்றப் போனான். கூலிக்குப் பதிலாக ஒரு கரண்டு கித்தாரையும் அதன் சத்தப் பெட்டியையும் வாங்கி முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தான். கோயிலில் தப்படிக்கிற முருகையா, வேண்டாமென்று போட்ட தேயிலைப் பெட்டியைப் பெரிய டிரம்மாக்கி, சைக்கிள் பெடலை மாட்டிக் காலால் உதைக்கக் கற்றுக்கொண்டான். பாடுவதற்கு ஆள் வேண்டும். பஜனையில் நன்றாகப் பாடுகிறவன் என்று வேலப்பனைப் பிடித்தார்கள். பாடும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான். பக்தி என்று பெண்கள் சொல்வார்கள். எதிரில் இருக்கிற முகங்களைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

முதல் தடவை அல்போன்ஸ் வீட்டில் வைத்துத்தான் வாசித்தார்கள். லயத்துக்குச் சாயங்காலம் மட்டும்தான் கரண்டு வரும், அதுவும் மங்கல் பல்புக்குப் போதுமான அளவு. பெட்டியைச் சொருகி அல்போன்ஸ் கம்பியை ஒரு இழுப்பு இழுத்தான். கித்தார் ஒரே ஒரு தடவை கத்தியது. முழு லயமும் இருண்டது. ரேடியோ நாடகம் பாதியில் செத்தது.

"எவன்டா அது? என் புருசன் இருட்டுல மீன் சட்டின்னு வெந்நியில கைய விட்டுட்டாரு!" என்று கடைசி வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மீனு கெடச்சிச்சாக்கா?" என்று முருகையா திருப்பிக் கத்தினான். வேலப்பன் பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டான்.

மறுநாள் அல்போன்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வேலப்பா, ஒங்க மேல்மாடியில பிளக்கு இருக்குல்ல?"

"இருக்கு. எதுக்கு?"

"சும்மா கேட்டேன்லா."

அல்போன்ஸ் சும்மா எதையும் கேட்கிற ஆள் இல்லை. "கிராணிக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்ருவாருடா" என்று வேலப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். இரண்டு வாரம் இழுத்தான். மூன்றாவது வாரம், கொழுந்து குவிகிற பொங்குமாரிக் காலம், ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரை பறிப்பு. மாடியில் வேலப்பன் தனியாக இருந்தான். அல்போன்ஸும் முருகையாவும் கித்தாரைக் கொழுந்துச் சாக்குக்குள் கட்டித் தூக்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டார்கள். விரட்டுவதற்கும் அவனுக்குப் பயம்.

காத்தாடிச் சத்தம் இருக்கிறது, வெளியே யாருக்கும் கேட்காது என்று அல்போன்ஸ் சத்தியம் செய்தான். பொய். மேல்மாடிச் சுவர் முழுக்கக் காற்றுக்காக விட்ட சாய்வுப் பலகைகள். அதற்கு நேர் கீழே லயத்துக் குழாயடி. ஞாயிறு மத்தியானம் துணி துவைக்கிற பெண்கள் எல்லாரும் தலைக்கு மேலே பாட்டுக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

பாட்டும் அவர்கள் கேட்டிராத பாட்டு. படப் பாட்டு பாடுகிற கோஷ்டி ஈப்போவில் எத்தனையோ இருந்தது. இவர்கள் சொந்தமாகக் கட்டினார்கள். "பெரட்டு மணி அடிக்குது, போர்வை என்னை இழுக்குது" என்று வேலப்பன் தொடங்குவான். மலைக் குளிரில் விடியற்காலை எழுந்து பழகிய யாருக்கும் அதற்கு விளக்கம் வேண்டாம். முருகையா பெட்டியை உதைக்க, அல்போன்ஸ் கித்தாரை அலறவிட, பாட்டு சரிவில் உருளுகிற கல் மாதிரி வேகம் பிடிக்கும். முடிந்ததும் கீழே பெண்கள் வாளியைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் மற்ற இரண்டு பேரும் சிரிப்பார்கள். வேலப்பன் பலகை இடுக்கு வழியாக ரோட்டு வளைவைப் பார்ப்பான்.

"பயப்படாதடா. மோட்டார் வந்தா நாங்க சொல்ல மாட்டமா?" என்று கீழேயிருந்து ஒருத்தி குரல் கொடுப்பாள். கிராணி காதுக்கு ஒருத்தியும் கொண்டுபோகவில்லை. அந்தக் கோஷ்டிக்கு முதல் முதலாகச் சேர்ந்த கூட்டம் அதுதான்: சோப்பு நுரைக் கையும் தகர வாளியுமாக.

ஈப்போவில் கச்சேரி வைக்கிற ஒரு மண்டபத்துக்காரர் இவர்கள் வாசிப்பதைக் கேசட்டில் கேட்க வேண்டும் என்றார். அல்போன்ஸின் தங்கை ரோஸ்மேரி பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தாள். அவளிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். ஒரு பாட்டைப் பிடித்துப் போட்டுக் காட்டினாள்.

"அண்ணே, முழுக்கக் காத்தாடிதான் இரையுது. பாட்டு எங்க?"

அல்போன்ஸ் வேலப்பனைப் பார்த்தான். "நிப்பாட்டு. ஒரு பாட்டுக்குத்தான்லா."

"முடியாது."

"கொழுந்து என்ன மீனா, தண்ணிய விட்டு எடுத்ததும் சாவ?" என்றான் முருகையா. "பாடிட்டுத் தட்டி விட்ரு."

வேலப்பன் வளைவைப் பார்த்தான். கிராணி தானா ராத்தாவில் இருப்பார். சுவிட்சுக்குக் கையை நீட்டினான், இழுத்தான், மறுபடி நீட்டினான். ரோஸ்மேரி அவசரத்தில் ரெக்கார்டரை முன்னதாகவே அமுக்கிவிட்டாள். காத்தாடிகள் இரைச்சல் குறைந்து ஒவ்வொன்றாக அடங்கின. மூன்றாவது தன் நீள முனகலை முனகி நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதியில் வேலப்பன் தன் குரலை முதல் தடவையாக முழுசாகக் கேட்டான். கண்ணைத் திறந்துகொண்டு பாடினான். பாட்டு முடிந்தபோது கீழே வாளிகள் அதிர்ந்தன. டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். "நம்மளாடா இது?" என்று முருகையா தலையில் கை வைத்துக்கொண்டான். அல்போன்ஸுக்கு லோரி ஏற்ற நேரமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே சாமான்களைச் சாக்கில் கட்டினார்கள். சிரித்துக்கொண்டே வேலப்பன் கதவைப் பூட்டினான். அவன் வாழ்க்கையில் பயம் இல்லாமல் நடந்த தூரம், மேல்மாடிப் படியிலிருந்து லயத்து வீடு வரைக்கும்தான்.

வீட்டில் வேலாயி காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சுண்டு விரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினாள்.

"என்னடா இன்னைக்கி, காது அடச்ச மாதிரி இருக்கு?"

வேலப்பன் குவளையோடு நின்றான். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. பிறந்த நாள் முதல் காதில் ஓடிக்கொண்டிருக்கிற இரைச்சல் இல்லை. குவளை தரையில் விழுந்தது. அவன் ஓடினான்.

கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. புழுங்கல் நாற்றம். சுவிட்சைத் தட்டிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டான், அடிக் கொழுந்து கொதித்தது. ஒரு பிடி எடுத்துப் பார்த்தான். செப்புக் காசு நிறம். தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணுக்குள் அம்மிக்கல்லும் கட்டிலும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை அம்மிக்கல் வேலாயியுடையது.

படியில் மூச்சு வாங்குகிற சத்தம். வேலாயி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஏறி வந்தாள். பின்னால் குழாயடிப் பெண்கள், முதுகில் கூடையோடு. வேலாயி நேரே தொட்டிக்குப் போனாள். கொழுந்தைத் தொட்டாள், மோந்தாள்.

"அம்மா, நான்..."

"அழுவுறத அப்பறம் அழுவு. கூடைய எடு."

பெண்கள் தொட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டு கொழுந்தைக் கிளறி உதறினார்கள். பச்சையாக இருந்ததைக் காற்றில் பரப்பினார்கள். சிவந்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினார்கள். இரவு வேலைக்காரன் வருவதற்குள் தரையைக்கூடக் கூட்டிவிட்டார்கள். பாதிக்கு மேல் பிழைத்தது. ஆனால் தொட்டிகள் மெலிந்து கிடந்தன. அதை எந்தத் துடைப்பத்தாலும் மறைக்க முடியாது.

மறுநாள் பெரட்டுக் களத்தில் கிராணி ஞானசுந்தரம் பெண்கள் வரிசைக்கு முன்னால் நின்றார்.

"நேத்து தராசுல நிறுத்த கொழுந்துக்கும் மாடியில இருக்கிற கொழுந்துக்கும் சம்பந்தமே இல்ல. எடை ஏறட்டும்னு தண்ணியத் தெளிச்சி நிறுத்தீங்களா? என்னைய என்ன முட்டாப்பயன்னு நெனச்சீங்களா?"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் வரிசையில் வேலப்பன் நின்றிருந்தான். 'நான்தான்' என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வேலாயி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள். வாயை மூடு என்று அர்த்தம். அவன் மூடிக்கொண்டான்.

அந்தப் பெண்கள் கும்பலை முழுக்கச் செங்குத்துத் தேயிலைக் காட்டுக்கு மாற்றினார் கிராணி. ஆடு ஏறத் தயங்குகிற சரிவு அது. வேலாயி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முட்டியில் வெந்நீர் ஒற்றடம் வைத்துக்கொண்டு, "அப்பிடி ஒண்ணும் மோசமில்ல" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் கேசட் மலை இறங்கிவிட்டது.

மண்டபத்துக்காரருக்கு ஒன்று கொடுக்கும்போது ரோஸ்மேரி சிநேகிதிகளுக்கும் பதிந்து கொடுத்தாள். அல்போன்ஸ் லோரிக்காரர்களுக்குக் கொடுத்தான். தாப்பா ரோட்டு வளைவுகளில் லோரிகள் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு இறங்கின. பிரிஞ்சாங் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒரு கடைக்காரன் தானாகவே பதிந்து விற்க ஆரம்பித்தான். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் மோட்டாரில் ஏறி வந்து, "அந்தக் காத்தாடி கோஷ்டி எந்த லயம்?" என்று கேட்டார்கள். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம் கூட்டம் கூடவே பாடியது.

கூட்டம் சேரச் சேர வேலப்பன் இளைத்துக்கொண்டே வந்தான். ரோஸ்மேரி முன்னதாக அமுக்கிய காரணத்தால் ஒவ்வொரு கேசட்டும் காத்தாடி இரைச்சலில் ஆரம்பித்தது. பிறகு அந்த முனகல். பிறகுதான் பாட்டு. எந்தக் கடையில் எந்த லோரியில் அது கேட்டாலும் அவன் கண் முதலில் கிராணியைத் தேடும். பசார் மாலாமில் ஒரு தடவை அதைக் கேட்டு, வாங்கின மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்துவிட்டான். அவனைக் காட்டிக்கொடுக்கத் தொழிற்சாலையை அறிந்த ஒரு காது போதும்.

"அந்த மொதச் சத்தத்த மட்டும் அழிச்சிக் குடு தாயி" என்று ரோஸ்மேரியிடம் கெஞ்சினான்.

"அழிச்சிப் பாத்தேன்ணே. வேணாங்கிறாங்க. அது இல்லாட்டி டூப்ளிகேட்டாம்."

கிராணி இந்த மாதிரிப் பாட்டெல்லாம் கேட்கிறவர் இல்லை. அது ஒன்றுதான் வேலப்பனுக்கு ஆறுதல். கிறிஸ்துமஸ் முடிந்து ரோஸ்மேரிக்குக் கல்யாணம் வைத்தார்கள். தானா ராத்தாவில் ஒரு மண்டபம். அண்ணன் கோஷ்டி வாசிக்காமல் தங்கை கல்யாணமா? சபைப் பெரியவர் என்று ஞானசுந்தரத்துக்கும் அழைப்பு. வேலப்பன் அவரைக் கண்டதும் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றான்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசிப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் சும்மா இருக்காமல் கேசட்டைப் போட்டுவிட்டான்.

இரைச்சல். அது அடங்குவது. முனகல்.

பிரியாணித் தட்டோடு நின்ற ஞானசுந்தரத்தின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மெதுவாகத் திரும்பி டிரம்மைப் பார்த்தார்.

"வேலப்பா. வெளிய வா."

மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம். வேலப்பன் அவருக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அது என்ன சத்தம்?"

"பாட்டுங்கய்யா."

"பாட்டுக்கு முந்தி."

வேலப்பன் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான்.

"மூணாம் நம்பர் காத்தாடி. அத மாத்தணும்னு தொரைக்கி எத்தன தரம் சொல்லியிருக்கேன். அது நிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? என்னைக்கி நிறுத்துன?"

ஏதோ ஒரு நாள், ரிப்பேருக்கு நிறுத்தினபோது பதிந்தது என்று சொல்லியிருக்கலாம். அல்போன்ஸ் அப்படித்தான் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆனால் வேலப்பனுக்கு வெந்நீர் ஒற்றடம் வைத்த முட்டிதான் கண்ணில் வந்தது.

"கொழுந்து கொறஞ்ச ஞாயித்துக்கெழமங்கய்யா. நாந்தான். நிறுத்துனேன், மறந்துட்டேன். பொம்பளைங்க தண்ணி தெளிக்கலய்யா. எங்கம்மாவால அந்தச் சரிவுல ஏற முடியலங்கய்யா."

உள்ளே ஜனங்கள் பாட்டோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஞானசுந்தரம் கையோடு கொண்டுவந்த தட்டைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"தொரைகிட்ட சொன்னா ஒன் வேல போவும்."

"தெரியுங்கய்யா."

"அந்தச் சாயங்காலம் மாடியேறிப் பாத்தது யாருன்னு அடுத்த கேள்வி வரும்." அப்போதுதான் வேலப்பனுக்கு உறைத்தது: கிராணி இருக்கிற வீடும் தோட்டத்து வீடுதான். அவருக்கும் கட்டில் உண்டு, சுவரில் மாட்டிய படம் உண்டு. "நாளைக்கிப் பெரட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலப்பன் அன்று எப்படிப் பாடினான் என்று அவனுக்கே தெரியாது. இதைவிட நல்லா அவன் பாடினதே இல்லை என்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

விடியற்காலை பெரட்டு. குளிரில் வாய்ப்புகை பறக்க எல்லாரும் நின்றார்கள். கிராணி தொழிற்சாலை ஆட்களைக் கூப்பிட்டார். வேலப்பன் பேர் வரவில்லை. கவாத்து வெட்டுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள். வரவில்லை. வேலாயி சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"வேலப்பன். செடிக்கு மருந்தடிக்கிற கும்பல்."

'இருக்கேன்' என்று அவன் சொன்னது தவளை கத்தினமாதிரி வந்தது. யாரோ சிரித்தார்கள்.

"செங்குத்துக்குப் போன பொம்பளைங்கள்லாம் இன்னையிலேர்ந்து பழைய காட்டுக்கே போங்க. அன்னைக்கி ஒங்க நிறுவையில தப்பில்ல."

பெண்கள் கூடையை முதுகில் மாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, ஒன்றும் தெரியாதவள்மாதிரி, "அப்ப தப்பு எதுலங்கய்யா?" என்றாள்.

"காத்தாடியில" என்றார் கிராணி. மோட்டாரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

கோஷ்டிக்கு மேல்மாடி அத்தோடு மூடிவிட்டது. பிறகு கோயில் கொட்டகையில், திருவிழாவுக்கு வாங்கின ஜெனரேட்டரில் கரண்டு எடுத்துப் பழகினார்கள். மருந்துப் புகையில் வேலப்பனின் குரல் கரகரத்துப்போனது. அந்தக் கரகரப்புக்கென்றே எண்பதுகளில் தாப்பாவிலிருந்தும் சுங்கையிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். மேடையேறினதும், "காத்தாடியப் போடு! காத்தாடியப் போடு!" என்று கூட்டம் கத்தும். முருகையா ஈரக் கட்டைவிரலைத் தப்புத் தோலில் அழுத்தி இழுத்து அந்த முனகலை அப்படியே கொண்டுவருவான். ஜனங்கள் ஆர்ப்பரிப்பார்கள். வேலப்பன் மட்டும் ஒவ்வொரு தடவையும் மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போவான். பிறகுதான் பாடுவான்.

வேலாயியின் பேரைப் பெரட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீடு நின்றது. அவள் அதே வாசலில், முட்டியில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கச்சேரிக்குப் போகிற நாட்களில் வேலப்பன் கித்தார்ப் பெட்டியைக் கையில் எடுத்தபிறகும் படியிறங்காமல், தொழிற்சாலைப் பக்கம் காத்தாடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பான். ரோட்டில் அல்போன்ஸ் லோரி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான்.

"ஓடுதுடா" என்பாள் வேலாயி. "கேக்குது. போய்ட்டு வா."